புழுவாண்டியும் கொம்பையா அண்ணாச்சியின் மீசையும்

கொம்பையா அண்ணாச்சி வாயைத் திறந்தால் அதை மூடுவதற்கு இந்தப் பாளையங்கோட்டையில் என் ஒருவனால்தான் முடியும். நான் முடிதிருத்துகிறவன். கையில் சோப்பு நுரை இருக்கிறது. புளுகு அளவுக்கு மீறிப் போகிறபோது பிரஷ்ஷை எடுத்து உதட்டின் மேல் ஒரே இழுப்பு. அப்புறம் நான் வழித்தெடுக்கிற வரைக்கும் கடையில் நிம்மதி. "மந்திரம், நுரையைப் போடும்யா" என்று பெஞ்சிலிருந்து என் பெயரைச் சொல்லிச் சத்தம் வந்தால், அண்ணாச்சி எல்லை தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்கு ஷேர் ஆட்டோ தொழில். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதற்கும் நேரம் பார்க்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்ததுமே வந்துவிடுவார், ஆனால் நாற்காலியில் ஏற மாட்டார். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் நல்ல நேரம் ஏழே முக்கால் என்று போட்டிருந்தால், ஏழே முக்காலுக்குத்தான் ஏறுவார்.

ஏறி உட்கார்ந்ததும் நான் வழக்கமாக ஒன்று கேட்பேன். "அண்ணாச்சி, மீசையை வைக்கவா, எடுக்கவா?"

அவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார். "இந்த வாரம் இருக்கட்டும் வே. அடுத்த வாரம் பார்ப்போம்."

நான் கடை வைத்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். அதை மீசை என்று சொல்ல எனக்கு மனசு வராது. முடிவெடுக்காமல் விட்ட இடம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஏறி உட்கார்ந்தார். பெஞ்சில் ஜெபசிங் சார் பேப்பரோடு இருந்தார். கணக்கு டியூஷன் எடுக்கிறவர், எதையும் சட்டென்று நம்பிவிட மாட்டார். நான் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திவிட்டுத் தீப்பெட்டியைப் பவுடர் டப்பா பக்கத்தில் வைத்தேன். அப்போது நயினார் உள்ளே வந்தான். டைல்ஸ் கடையில் பில் போடுகிற பையன், இருபத்தேழு வயசு. கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவன் முகத்தோடு நின்றான்.

"என்ன நயினாரு, கட்டிங்கா?" என்றேன்.

"இல்லண்ணே. இங்க யாருக்காவது பூதக்கூடு விளையாடத் தெரியுமா?"

பூதக்கூடு என்பது போனில் விளையாடுகிற ஆட்டம். ஆளுக்கு ஒரு பூதத்தைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, அடுத்தவன் பூதத்தோடு சண்டைக்கு விட வேண்டும். முதல் பூதத்தை மட்டும் ஆட்டமே கொடுக்கும். மூன்று கூண்டு காட்டும், ஒன்றைத் திறந்துகொள்ளலாம். திறந்தால் திறந்ததுதான், அந்த நம்பருக்கு வேறு முதல் பூதம் கிடையாது. நயினார் போன வாரம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வீட்டாருக்கெல்லாம் பிடித்துவிட்டது. பெண் மட்டும் பதில் சொல்லவில்லை. நேற்று ராத்திரி போனில் கூப்பிட்டு, "பூதக்கூடு இறக்குங்க. ஒரு பூதத்தை எடுங்க. காலையில ஒம்பது மணிக்கு என் பூதத்தோட சண்டைக்கு வாங்க. அப்புறம் என் பதிலைச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாளாம்.

"பொண்ணு யாருப்பா?" என்று கேட்டேன்.

"முடிவாகாம பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காண்ணே." போனை என் முன்னால் நீட்டினான். "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல எதை எடுக்கன்னு மட்டும் யாராவது சொல்லுங்க."

மூன்று கூண்டு. முதலாவதில் தீக்கிடா, கொம்பிலிருந்து நெருப்பு பறக்கிறது, கீழே பலம் காட்டுகிற கோடு முழுசாகப் பச்சை. இரண்டாவதில் இடிமுதலை, அதற்கும் கோடு முக்கால்வாசி. மூன்றாவதில் புழுவாண்டி. கோடு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, சுருண்டுகொள்வது.

ஜெபசிங் சார் எட்டிப் பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? கிடாவை எடு. பொண்ணு முன்னாடி புழுவோட போயா நிப்ப?"

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே நான் பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினேன்.

"சார், நீங்க கணக்குச் சொல்லிக்கொடுங்க. பூதத்தைப் பத்தி எங்கிட்டக் கேளுங்க. எலே தம்பி, பலமான பூதத்தை எவன் வேணும்னாலும் வளர்ப்பான். அது முத நாள் சீறும், ரெண்டாம் நாள் சீறும், மூணாம் நாள் பார்த்தா அதுக்கு மேல வளர அதுக்கு இடமே இருக்காது. நோஞ்சானை எடுத்து ஆளாக்குதவன்தாம்லே ஆம்பளை. நான் எடுத்தது எது தெரியுமா? புழுவாண்டி!"

"நீங்க விளையாடுவீங்களா அண்ணாச்சி?" நயினார் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

"விளையாடுவேனாவா? நான் நேரம் பார்க்காம ஆட்டோவுக்கு பெட்ரோல் கூட போடமாட்டேன். பூதத்தை எடுக்கதுன்னா சும்மாவா? என் ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டுப் போய் ஜோசியர் முன்னாடி மூணு கூண்டையும் காட்டினேன். கிடாவுக்கும் எனக்கும் ரஜ்ஜு தட்டுது. முதலைக்குச் செவ்வாய் தோஷம். புழுவாண்டிக்குப் பத்துக்கு ஒம்பது பொருத்தம்! ஜோசியர் எந்திரிச்சு நின்னுட்டாரு. 'கொம்பையா, மனுசப் பிள்ளைக்கே இப்படி அமையாது, பேசாம இதையே முடிச்சிரும்'னாரு."

"பொருந்தாத அந்த ஒண்ணு எது வே?" என்றார் ஜெபசிங் சார்.

"கால் பொருத்தம். அதுக்குக் கால் இல்லைலா."

அண்ணாச்சியின் கன்னத்தில் நுரை தடவ ஆரம்பித்தேன். வாயை இன்னும் விட்டுவைத்திருந்தேன், நயினாருக்காக.

"எடுத்த புதுசுல அது பட்ட பாடு இருக்கே, சொன்னா அழுதுருவீங்க. முத சண்டை ஒரு வெட்டுக்கிளியோட. தோத்துச்சு. ரெண்டாவது சண்டைக்கு எதிராளி வரவே இல்லை. அதுலயும் தோத்துச்சு."

"வராத ஆள்கிட்ட எப்படிண்ணாச்சி தோக்கும்?" என்றான் நயினார்.

"அதாம்லே நோஞ்சான். வருவான் வருவான்னு பயந்தே மயங்கிட்டு. நான் விட்டனா? போனைத் தூக்கிக்கிட்டு நேரா தாமிரபரணிக் கரைக்குப் போனேன். ஈர வண்டல் இருக்குல்லா, அதுல போனை இடுப்பளவு புதைச்சு வச்சு, 'திங்குத மட்டும் தின்னு'ன்னுட்டேன். சாயந்திரம் வந்து பார்க்கேன், கரை இருந்த இடத்துல கரையைக் காணும். போனைத் தூக்கப் போனா போன் அசையல. நாலு பேர் சேர்ந்து கயித்தைக் கட்டித்தான் ஆட்டோவுல ஏத்தினோம். பின் சீட்டுல வச்சதும் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிருச்சு! மார்க்கெட்லேர்ந்து ஹைகிரவுண்டு வரைக்கும் அன்னைக்கு முன்சக்கரம் தரையில படலை. உள்ள இருந்த பொம்பளையாட்கள் இறங்கவே மாட்டேனுட்டாவ, 'அண்ணாச்சி, இப்பதான் காத்து நல்லா வருது'ன்னு."

"முன்சக்கரம் தூக்கியிருந்தா வண்டியை எப்படித் திருப்பினீரு?" ஜெபசிங் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"எதுக்குத் திருப்பணும்? அன்னைக்கு ரோடுதான் வளைஞ்சு குடுத்துது."

நயினார் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு மணி தாண்டியிருந்தது. "அண்ணாச்சி, கிடாவோட சண்டை போட்டா புழு தாங்குமா? அதை மட்டும் சொல்லுங்க. அவங்க கிடா வச்சிருந்தா நான் என்ன செய்வேன்?"

"கிடாவா? தூத்துக்குடிக்காரன் ஒருத்தன் வச்சிருந்தான் தீக்கிடா. அவன் கிடா வாரதுக்கு முன்னாடி போன் சுடும், கையில துணியைச் சுத்திக்கிட்டுத்தான் பிடிக்கணும். வந்துச்சு. முட்டுச்சு. நம்ம புழுவாண்டி என்ன செஞ்சான்? சுருண்டுக்கிட்டான். மறுபடியும் முட்டுச்சு. சுருண்டே கிடந்தான். கிடா நெருப்பைக் கக்குது, கக்குது, இவன் குளிர்காயுதான். கடைசியில அந்தக் கிடாவுக்கு உள்ள இருந்த தீயெல்லாம் தீர்ந்துபோச்சு. கொம்புல ஒரு பொறி கிடையாது. அப்படியே பாவமா நின்னு, நம்ம புழுவாண்டியைப் பார்த்து, 'அண்ணே, ஒரு தீப்பெட்டி இருக்குமா?'ன்னு கேட்டுச்சு."

பெஞ்சே குலுங்கியது. ஜெபசிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிடா பேசுச்சாக்கும்?"

"தீ தீர்ந்துட்டா பேச்சு வந்துரும் சார். உள்ள இடம் காலியாகுதுல்லா."

"நுரையைப் போடும்யா மந்திரம்."

"பொறுங்க சார்," என்றேன். எனக்கே அடுத்தது என்ன என்று கேட்க ஆசையாக இருந்தது. பொய் என்று தெரிந்தும் கத்தியைத் தீட்டுகிற சாக்கில் நின்றேன்.

அண்ணாச்சிக்கு அது போதும். "போன ஆனித் தேரோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு ஊருக்குத் தெரியாது. நான் வெளிய சொல்லலை. தேர் நிலையை விட்டு நகரமாட்டேங்குது. வடத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆளுக இழுக்காவ, இழுக்காவ, வேர்த்து ஊத்துது. எனக்கு மனசு கேக்கல. பைய உள்ள நுழைஞ்சு போனைச் சக்கரத்துக்கு அடியில வச்சேன். 'புழுவாண்டி, சுருண்டுக்கோ'ன்னேன். சுருண்டான். 'இப்ப அவிழ்ந்துக்கோ'ன்னேன். அவ்வளவுதான்! வடம் பிடிச்சவன் ஒரு செம்பு மோர் குடிச்சு முடிக்கல, தேர் நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வந்துட்டு. திரும்பிப் பார்த்தா வெறும் வடம் மட்டும் ரோட்டுல கிடக்கு."

ஜெபசிங் சார் எழுந்தே விட்டார். "வேய் கொம்பையா, தேரோட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். தேர் கிளம்புனதுலேர்ந்து பார்த்துக்கிட்டு நின்னேன். மத்தியானம் வரைக்கும் இழுத்தாங்க."

"நடுவுல எப்பவாவது கண்ணைச் சிமிட்டுனீங்களா?"

"சிமிட்டாம இருப்பாங்களா?"

"அதுலதான் முடிஞ்சுட்டு சார்."

இதற்கு மேல் பொறுக்க முடியாது. பிரஷ்ஷை எடுத்து ஒரே இழுப்பு, அண்ணாச்சியின் வாய் நுரைக்குள் போய்விட்டது. கடை அமைதியானது. நயினார் மட்டும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பெருவிரலைக் கிடாவின் கூண்டுக்கு மேல் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தான்.

"சார் சொல்லுதது சரிதாண்ணே," என்றான் என்னிடம். "போன வாரமே அவங்க வீட்டுல நான் ஒரு வார்த்தை பேசலை. காபி டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு வந்துட்டேன். இன்னைக்கும் புழுவைக் காட்டினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அவன் சொன்னதைக் கேட்டு எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு கன்னத்தை வழித்து முடித்தேன். மறு கன்னம் போகிற வழியில் கத்தி உதட்டுப் பக்கம் வந்தது, வாய் வெளிப்பட்டது. வெளிப்பட்டதுதான் தாமதம்.

"ஜப்பான்காரன்கிட்ட நான் ஜெயிச்ச கதையைச் சொல்லலையே!"

"அவனுக்கு மணி எட்டரை ஆகுது அண்ணாச்சி," என்றேன்.

"ரெண்டு நிமிசம் வே. கடைசிச் சண்டை. உலகத்துல மிச்சம் ரெண்டே பேரு, நானும் அவனும். அவன் பூதம் பேரு மலைமுழுங்கி. ஒரு போனுல அடங்காது, வரிசையா ஒம்பது போனை அடுக்கி வச்சிருக்கான். முத போனுல தலை, கடைசி போனுல வாலு. வாலை ஆட்டணும்னா முத நாளே சொல்லணும். நம்ம ஆளு பார்த்தான், நேருக்கு நேர் சரிவராதுன்னு பூமிக்குள்ள போயிட்டான். பாளையங்கோட்டையில நுழைஞ்சவன் தோண்டுதான், தோண்டுதான், கடலுக்கு அடியில தோண்டி, ஜப்பான்ல அவன் போனோட சார்ஜர் ஓட்டை வழியா தலையை நீட்டினான். பின்னாடிலேர்ந்து ஒரே ஒரு ஊது. மலைமுழுங்கி ஒம்பது போனுலேர்ந்தும் வெளிய விழுந்துட்டு."

"சரி, ஜெயிச்சீரு. முடிஞ்சுதா?" என்றார் சார்.

"எங்க முடிஞ்சுது? நம்ம ஆளு தோண்டுன பொந்து அப்படியே இருக்குல்லா. தாமிரபரணித் தண்ணி அது வழியா இறங்கிருச்சு. இப்ப அந்த ஜப்பான்காரன் வீட்டுக் குழாயைத் திறந்தா நம்ம ஆத்துத் தண்ணிதான் வருது. தண்ணியைக் குடிச்சுப் பார்த்தவன் சும்மா இருப்பானா? கோதுமையை ஊறப்போட்டுட்டான். இன்னைக்கு ஜப்பான்ல பெரிய அல்வாக்கடை அவனோடதுதான். இங்க இருக்கவன் அங்க போய்த் தின்னுட்டு, 'இருட்டுக்குள்ள நின்னு தின்னாலும் இந்த ருசி வராது'ங்கான்."

"அல்வா அங்க ஒண்ணும் போகலை வே. இங்கதான் உக்காந்து கிண்டிக்கிட்டு இருக்கீரு," என்றார் ஜெபசிங் சார். "நயினாரு, இந்த ஆளு பேச்சைக் கேட்டு உன் வாழ்க்கையில மண்ணைப் போட்டுக்கிடாத. கிடாவை அமுக்கு."

நயினார் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். கிடா முறைத்துக்கொண்டு நின்றது. முதலை கொட்டாவி விட்டது. புழுவாண்டி கூண்டின் மூலையில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

"நான் அவங்க வீட்டுல இப்படித்தாண்ணே உட்கார்ந்திருந்தேன்," என்றான் மெதுவாக. "கிடாவை எடுத்துட்டுப் போனா அது நான் இல்லையே. நாளைக்கு நேர்ல பார்க்கும்போது தெரிஞ்சுரும்." சொல்லிக்கொண்டே மூன்றாவது கூண்டின் மேல் விரலைக் கொண்டுபோனான்.

"எலே நில்லுலே!" அண்ணாச்சி நாற்காலியில் துள்ளி எழுந்தார். என் கத்தி அவர் கழுத்தை விட்டு எப்படி விலகியது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அரை முகம் நுரை, அரை முகம் வெளிறிப் போயிருக்கிறது. "மணி என்னன்னு பாரு! எட்டே முக்கால் தாண்டிட்டு! நல்ல நேரம் முடிஞ்சுட்டு! இப்பப் போய் எவனாவது எடுப்பானா? திறந்தா மாத்த முடியாதுலே!"

நயினார் அமுக்கிவிட்டான். கூண்டு திறந்தது, புழுவாண்டி வெளியே விழுந்தது. உடனே சுருண்டுகொண்டது.

அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். ஜப்பான் வரைக்கும் பொந்து தோண்டிய மனிதருக்கு, பக்கத்தில் ஒரு பையன் ஒரு பொத்தானை அமுக்கியதைத் தாங்க முடியவில்லை. எனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் தட்டியது.

சரியாக ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. நயினார் எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது, அதை அணைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"எடுத்துட்டீங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"எடுத்துட்டேங்க."

"அப்ப வாங்க."

போன் முழுக்கச் சண்டைக்களம் விரிந்தது. இந்தப் பக்கம் நயினாரின் குட்டிப் புழு. எல்லாரும் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். அங்கேயும் ஒரு புழுவாண்டிதான் வந்தது. வளர்ந்தது, தடியானது, உடம்பெல்லாம் பல சண்டை பார்த்த தழும்பு.

நயினார் புழுவுக்குத் தெரிந்த ஒரே வித்தையை அமுக்கினான். குட்டிப் புழு சுருண்டுகொண்டது. பெரிய புழுவும் சுருண்டுகொண்டது. மறுபடியும் இது சுருண்டது, மறுபடியும் அது சுருண்டது. களத்தில் இரண்டு உருண்டைகள் கிடந்தன, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"இது என்ன சண்டை?" என்றேன்.

ஜெபசிங் சார் என் காதில் சொன்னார், "அந்தப் பிள்ளை புழுவுக்குக் கீழ பாரும், அமுக்க இன்னும் பத்து வித்தை இருக்கு. ஒண்ணையும் தொடமாட்டேங்குது."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "போன வருசத்துலேர்ந்து விளையாடுதேன். என்னைத் தவிர புழுவை எடுத்த ஆளை இன்னைக்குத்தான் பார்க்கேன். எல்லாரும் கிடாவைத் தூக்கிக்கிட்டு வந்துருதாங்க. ஏன் இதை எடுத்தீங்க?"

"எனக்கு அதைப் பார்த்தா என்னைப் பார்த்த மாதிரி இருந்துதுங்க," என்றான் நயினார். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் மறுபடியும் சிரிப்புக் கேட்டது. அப்புறம், "எங்க அம்மாகிட்ட நான் சரின்னு சொல்லிருதேன். உங்க வீட்டுலயும் சொல்லிருங்க," என்றாள்.

நயினார் முகம் இருந்த இருப்பைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அண்ணாச்சிதான் கெடுத்தார்.

"பார்த்தியாலே! யாரு சொல்லி எடுத்த? நம்ம புழுவாண்டி சம்பந்தத்தையே முடிச்சுட்டாம்லா!"

போன் உடனே கேட்டது. "அங்க யாரு, கொம்பையா அண்ணாச்சி குரல் மாதிரி இருக்கு?"

அண்ணாச்சி தலையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நான் மார்க்கெட் செல்போன் கடை முத்துச்செல்வி. நீங்க எதையாவது எடுத்துட்டீங்களா? நான் உங்க போன்ல பூதக்கூடு இறக்கிக் குடுத்தது தைப்பொங்கலுக்கு. வாராவாரம் கடைக்கு வந்து, 'எதைம்மா எடுக்க?'ன்னு கேட்டுட்டு, நேரம் சரியில்லைன்னு திரும்பிப் போயிருதீங்க. மூணு கூண்டும் அப்படியேவா இருக்கு?"

ஜெபசிங் சார் அண்ணாச்சியின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். அது எடையே இல்லாமல் சாதாரணமாகத்தான் வந்தது. பூதக்கூடு திறந்தால் கிடா, முதலை, புழு, மூன்றும் பூட்டின கூண்டுக்குள் நின்றன.

"தேரை யாருவே தள்ளினா?" என்றார் சார்.

"மூணும் எங்கிட்டக் கெஞ்சுது சார்," என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்ததே தவிர நிற்கவில்லை. "ஒண்ணை எடுத்தா மத்த ரெண்டும் உயிரை விட்டுருவோம்னு சொல்லுது. அதுகளுக்காகத்தான் இருக்கேன்."

"இன்னைக்கு எடும்."

"நேரம்..."

ஜெபசிங் சார் நேராகச் சுவருக்குப் போனார். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நேரமே கிடையாது. எடும்."

அண்ணாச்சி வெறும் ஆணியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அரை நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்து, விரலைக் கீழே இறக்கினார். ஓரக்கண்ணைத் திறந்து விரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டுதான் இறக்கினார். அமுக்கினார்.

தீக்கிடா கொம்பில் நெருப்போடு வெளியே குதித்தது.

"வேய்!" என்றார் சார். "விடிஞ்சதுலேர்ந்து புழு புழுன்னு எங்க உயிரை எடுத்துட்டு, நீரு கிடாவையா எடுத்தீரு?"

"பின்ன, புழுவை எவன் சார் எடுப்பான்?" என்றார் அண்ணாச்சி. கிடாவைக் கண்டதும் அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "ஏ செல்வி! வாம்மா சண்டைக்கு! உன் புழுவை இன்னைக்குப் பொசுக்கலைன்னா நான் கொம்பையா இல்லை. என் கிடா தோத்துச்சுன்னா, மந்திரம், இந்த மீசையை எடுத்துரும் வே! எல்லாரும் சாட்சி!"

"வாங்க அண்ணாச்சி," என்றாள் முத்துச்செல்வி.

கிடா பாய்ந்து வந்து முட்டியது. தழும்புப் புழு சுருண்டுகொண்டது. அண்ணாச்சி நாற்காலியின் கைப்பிடியைக் குத்திக் குத்தி, "விடாத! கக்கு! இன்னும் கக்கு!" என்று கத்தினார். கிடா நெருப்பைக் கக்கியது, பின்னால் போய் வந்து முட்டியது, மறுபடி கக்கியது. புழு அசையவில்லை. கிடாவுக்குக் கீழே இருந்த பச்சைக் கோடு ஒவ்வொரு கக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டு வந்தது. கடைசியில் கொம்பில் ஒரு பொறி பறந்து அணைந்தது. கிடா நடுக்களத்தில் பாவமாக நின்றது. போனில் பெரிய எழுத்தில் வந்தது: தீ தீர்ந்தது.

ஜெபசிங் சார் பவுடர் டப்பா பக்கத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார்.

அண்ணாச்சி தீப்பெட்டியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. நாற்காலியோடு பெஞ்சுப் பக்கம் சுழன்று, தீப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"பார்த்தீங்களாவே! கிடாவுக்குத் தீ தீர்ந்துபோகும், தீப்பெட்டி வேணும்னு நிக்கும்னு நான் அப்பவே சொன்னனா, இல்லையா? புளுகுன்னு சொன்னீங்களே! இப்ப என்ன சொல்லுதீங்க? கொம்பையா சொன்னதுல ஒண்ணாவது நடக்காம இருந்திருக்கா?"

நான் நாற்காலியை மறுபடி கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். பிரஷ்ஷை நன்றாகக் குழைத்தேன்.

"சொன்னீங்க அண்ணாச்சி, எல்லாம் நடந்துட்டு," என்றேன். "மீசையையும் நீங்கதான் சொன்னீங்க. அசையாம இருங்க."